ஒதுங்கிய புள்ளி

பாளையங்கோட்டை, சமாதானபுரம்,
மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆய்வகம்.
எண்ணெய் வரும், மிளகாய்த்தூள் வரும்,
ஆனி பிறந்தால் கருப்பட்டிதான்.
மேசைமேல் மூக்கு.
மூக்கென்றால் துவாரம் ஒன்று; உள்ளே
எஃகுக் குழலுக்குள் எட்டு உணரிகள்,
ஒருவரோடொருவர் பேசாத எட்டுப் பேர்
ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

ஐந்து கிராம் உடைத்துப் புட்டியில் இட்டு
அறுபது டிகிரியில் கால்மணி நேரம்.
கருப்பட்டி வியர்க்கும்.
மேலே திரண்ட ஆவியை மட்டும் பம்பு உறிஞ்சும்.
தொடுவதில்லை, தின்பதில்லை.
எட்டுக் கோடுகள் எழும், வளையும், படியும்.
பிறகு வெறுங்காற்றைக் குடித்து
அது அத்தனையும் மறக்க வேண்டும்.
முகர்வதைவிட
மறப்பதற்கே நேரம் அதிகம்,
கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

திரையில் இடப்பக்கம் அசல்,
வலப்பக்கம் சீனி கலந்தது.
பெயர் வைத்தது நான்தான்.
அதற்குப் பெயர் தெரியாது,
யார் யாருக்குப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

தென்காசியில் சாரல் தொடங்கிய வாரம்
மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன்.
அசல் எல்லாம் ஒரு விரற்கடை நகர்ந்தது.
ஈரத்தையும் முகர்ந்திருக்கிறது.
மூடியதும் திரும்பி வந்தன;
எல்லாம் வரவில்லை.

வியாழக்கிழமை, உடன்குடி பொன்னுலிங்கம்
கொண்டுவந்த சிப்பம் இரண்டிலும் சேரவில்லை.
தாலுகா ஆபீசில் டோக்கன் இல்லாமல் வந்தவர்போல்
கீழ்மூலையில் ஒரு புள்ளி.
மூன்று முறை ஓட்டினேன்.
மூன்று புள்ளி, அதே மூலை.
"ஏறுனவன் பேரச் சொல்லட்டுமா,
மரத்தக் காட்டட்டுமா?" என்றார்.
கலப்படம் என்று நான் சொல்லவில்லை.
அசல் என்றும் சொல்ல முடியவில்லை.

எடுத்து முகர்ந்து பார்க்கலாமே என்று
யாருக்கும் தோன்றும்.
போன கார்த்திகைக் காய்ச்சலுக்குப் பின்
கருப்பட்டி எனக்குக் கருப்பு, கனம்,
விரலில் கொஞ்சம் பிசுக்கு.
ஆய்வகத்தில் ஒருவருக்கும் தெரியாது.
தெரிந்தால்தான் என்ன,
முகர்வதற்கு நான்கு லட்சத்தில்
ஆள் இருக்கிறதே.

டீ கொண்டுவந்த பீர்முகம்மது
டம்ளரை வைத்த கையோடு
புட்டி மூடியைத் திருகி,
"யக்கா, கருவாட்டு வாடைல்லா அடிக்கி!"

பொன்னுலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.
திருச்செந்தூர் லோடு வண்டி;
ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில்
மணப்பாட்டு நெத்திலி மூட்டை.

மூன்றாவது பெயர் ஒன்று சேர்க்கலாம்தான்.
ஒரு பெயருக்கு நாற்பது மாதிரி வேண்டும்.
நாற்பது தடவை அதே வண்டியில்
அதே மூட்டை ஏற வேண்டும்.
'வகைப்படுத்த இயலவில்லை' என்று அச்சிட்டு
அடியில் பென்சிலால் எழுதினேன்:
வண்டியை மாற்றவும்.

ஒன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.
என் டப்பாவில் சொதி.
காலையில் நானே வைத்தது,
உப்பும் புளிப்பும் நாக்கைக் கேட்டு,
மற்றதெல்லாம் கைக்கணக்கில்.
ஐந்து மில்லி புட்டியில் ஊற்றினேன்.
அறுபது டிகிரி. கால்மணி.

எட்டுக் கோடும் எழுந்தன.
மூன்றாவது மட்டும் செங்குத்தாய் ஏறி
இறங்க மனமில்லாமல் நின்றது.
இஞ்சியாக இருக்கலாம்.
தேங்காய்ப்பால் திரிந்திருக்கலாம்.

டம்ளர் எடுக்கப் பீர்முகம்மது வருவான்.
கேட்டால் சொல்லிவிடுவான்,
ஏன் கேட்கிறேன் என்பதும் தெரிந்துவிடும்.
படியில் செருப்புச் சத்தம்.
சோற்றில் கை வைக்காமல்
புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறேன்,
திறக்கவா, இறுக்கவா என்று
விரலுக்கே தெரியாமல்.