எட்டில் ஒன்று

"மலைமேல் சொன்ன எட்டில்
ஏதாவது ஒன்னை இந்த வாரம்
வாழ்ந்து பாருங்க.
கேட்டுட்டுப் போனது போதும்"
என்றார் பாஸ்டர்.
கரண்ட் இல்லை.
காணிக்கைக் கவரால் விசிறிக்கொண்டிருந்தேன்.
மேலே என் பேர் இருந்தது,
உள்ளே ஒன்றும் இல்லை.

எர்ணாவூர் வரை ஷேர் ஆட்டோ.
பின்னால் பார்த்த சீட்டில் உட்கார்ந்து
எட்டில் எது சுலபம் என்று தேடினேன்.

எளிமை?
வீட்டிலேயே இருக்கிறது,
பாத்ரூம் கதவுக்குப் பதிலாகத் தொங்கும்
யாரோ ஒருவரின் பிறந்தநாள் பேனராக.
ஆவியிலும் வேண்டுமாம்.
அங்கே இன்னும் கொஞ்சம் திமிர் பாக்கி.

துயரம்?
மூன்று வருஷமாக அதுதானே.
கன்டெய்னர் லாரிக்கு அடியில் போன எட்வினின்
ஹெல்மெட் பீரோ மேல் இருக்கிறது.
ஆறுதல் வரும் என்றார்கள்.
இன்ஷூரன்ஸ்காரர் வந்தார்,
இரண்டு முறை.

சுத்தமான இருதயம்?
கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை
சாயங்காலத்துக்குள் சாம்பல் பூக்கிற ஊரில்
இருதயத்தை எங்கே காயப்போடுவது?

கடைசியில்
சமாதானம் என்று வைத்துக்கொண்டேன்.
செலவில்லாதது என்று நினைத்தேன்.

செவ்வாய், விடியல் அஞ்சேகால்.
ஏழாம் பிளாக் முனையில் தண்ணி லாரி.
என் குடம் நான்காவது.
ஆறரைக்குள் காசிமேட்டு ஷெட்டில் இருக்க வேண்டும்,
இறால் எனக்காகக் காத்திருக்காது.

நாகவல்லியின் குடத்தைத் தேசம்மா காலால் தள்ளினாள்.
தள்ளவில்லை, தானாக உருண்டது
என்றும் ஒரு கட்சி.
"உங்கப்பன் ஊட்டு லாரியா?"
அப்பன் வந்தார்,
அப்பனைப் பெற்றவர் வந்தார்,
எந்தப் பொங்கலுக்கோ வாங்கித்
திருப்பித் தராத இட்லிப் பானையும் வந்தது.

நான் போயிருக்கலாம்.
போகத்தான் திரும்பினேன்.
எந்தக் கால் நடுவில் நுழைந்தது என்று
இப்போதும் தெரியவில்லை.

தேசம்மா ஓங்கியது நாகவல்லிக்கு.
வந்து சேர்ந்தது என் வாய்க்கு.
பித்தளையில்லை, பிளாஸ்டிக் குடம்,
ஸ்தோத்திரம்.

ஷெட்டில் கற்ற சொல் ஒன்று
நாக்கு நுனி வரை வந்தது.
உதடு வீங்கி வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.
சாந்தகுணம் என்று
யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

நாகவல்லி என் முகத்தைப் பார்த்தாள்.
"ஐயோ எப்சிபா,
கெளுத்தி மாதிரி ஆயிடுச்சிடி வாய்."
தேசம்மா சிரிப்பைப் பொத்தினாள்,
விரல் இடுக்கில் ஒழுகியது.
ஒருத்தி முந்தானையை நனைத்து
என் உதட்டில் அழுத்த,
"மெதுவா வையேண்டி, வலிக்கும்ல"
என்று இன்னொருத்தி அவளை அதட்டினாள்.

அந்த 'டி'க்குள் சண்டை முடிந்ததா,
நாளைக்கு மறுபடி இட்லிப் பானை வருமா,
நான் என்ன கண்டேன்.

அதற்குள் லாரி காலி.
டிரைவர் வால்வைப் பூட்டினான்.
"அடுத்தது வியாழன்."

ஷெட்டில் ஐஸ் கட்டியை உதட்டில் வைத்துக்கொண்டே
ஒற்றைக் கையால் இறால் உரித்தேன்.
"யார் அடிச்சது?" என்றான் சூப்பர்வைசர்.
"பிரசங்கம்" என்றேன்.
அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது புரியவில்லை.
அரைநாள் கூலியை மட்டும் சரியாகப் பிடித்தான்.

ராத்திரி குடத்தைத் தட்டிப் பார்த்தேன்.
வெறும் சத்தம்.
எட்டில் தாகத்துக்கும் ஒன்று உண்டு.
இந்தத் தாகத்தையும் அதில் சேர்ப்பார்களா என்று
பாஸ்டரைக் கேட்க வேண்டும்,
வியாழனுக்கு முன்னால்,
உதடு வடிந்த பிறகு.