மேற்படியார்

எங்கள் கமநல நிலையத்தில்
என் மேசைத் திரை எப்போதும் அணைந்தே கிடக்கும்.
கறுத்த கண்ணாடியின் முன்னால் விரல்கள் ஓடக் கண்டு
பசளை மானியத்துக்கு வந்தவர்கள்
"கரன்ட் இல்லையோ தம்பி?" என்பார்கள்.
"ஓம், இல்லை" என்றுவிட்டு
அவர்களின் வயல் இலக்கத்தைக் கேட்டுப் பதிந்துகொள்வேன்.
அதில் எனக்கொரு சின்னச் சந்தோசம்.

மவுஸ் இங்கே
காற்றடிக்கும் ஆடி மாதத்தில்
கடுதாசிகளுக்குப் பாரம்.

கண் எப்படிப் போனதென்று
வட்டக்கச்சியில் யாரும் கேட்பதில்லை.
எந்த மாதம் என்றுதான் கேட்பார்கள்.
மாசி, என்பேன்.
தலையாட்டுவார்கள் போலும்;
கதிரை கொஞ்சம் கிறீச்சிடும்.

கிளிநொச்சியிலிருந்து
ஸ்கூட்டியில் வந்த கிருபாளினிதான்
திரையை வாசிக்கும் குரலை இதற்குள் இறக்கினாள்.
எஃப்பிலும் ஜேயிலும் இருந்த மேடு தேய்ந்துபோக
நகப்பூச்சில் இரண்டு துளி வைத்து
காயும்வரை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"வேகம் போதுமோ அண்ணை?"
கூட்டு, என்றேன்.
இன்னும், என்றேன்.
பக்கத்து மேசை மஞ்சுளாதேவி
"கோழி தவிடு கொத்துற மாதிரிக் கிடக்கு" என்றாள்.
எனக்கு அது தமிழ்.

பழைய கோப்புகளைத் திறந்த அன்று
குரலுக்குப் பித்துப் பிடித்தது.
எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை.
கண்ணுள்ளவருக்குத்தான் அது தமிழ்.
உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துச் சல்லி.
எம், கே, செமிகோலன், கே, எச்
என்றது குரல்.
மூன்று நாள் அதைக் கேட்டிருந்து
நாலாம் நாள்
விரலில் பழைய தட்டச்சு வகுப்பு விழித்தது.
எம் அடித்தால் அ.
கே, செமிகோலன்: ம்.
கே, எச்: மா.
அட.

கிருபாளினி மாற்றியொன்று கொண்டுவந்தாள்.
பதினோராயிரம் விவசாயிகள்
ஒரு பின்னேரத்தில் யூனிகோடுக்குக் குடிபெயர்ந்தார்கள்.
எல்லாம் சரி, என்றாள் மஞ்சுளாதேவி, திரையைப் பார்த்து.
நான் கேட்டுக்கொண்டே போனேன்.
சௌந்தரநாயகம் என்ற இடத்தில்
குரல் கல்லில் கால் தட்டியது:
செ. ள. ந்தரநாயகம்.
பிழை, என்றேன்.
"இல்லையே, சரியாத்தானே கிடக்கு."
வலம்புரி அம்பை ஒவ்வொன்றாய்த் தட்டிக் காட்டினேன்.
ஒற்றை எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
கொம்பு வைத்த செ தனியே, ள தனியே.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று.
கௌரிமலர், பௌசியா, மௌனகுருசாமி,
எல்லோரும் அப்படித்தான் உடைந்து கிடந்தார்கள்.
கணினியில் தேடினால் அகப்படமாட்டார்கள்;
அகப்படாதவருக்குப் பசளை இல்லை.

இருநூற்றுப் பதினாறு பேரை
காதால் பிடித்து ஒட்டினேன்.
மஞ்சுளாதேவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.
சீனி கூட.

கடைசிக்கு முதல்நாள்
விசேட உதவி பெறுவோர் பட்டியல்.
அதில் என் தகப்பன் பெயர் வந்தது, பிறகு என் பெயர்,
அதே வேகத்தில், அதே சலிப்பில்:
பார்வை இல்லை. தொழில் செய்ய இயலாதவர்.
யாரோ ஒரு உத்தியோகத்தர்
ஒரு வெயில் மத்தியானம் அடித்திருப்பார்.
அவரில் எனக்குக் கோபமில்லை.
அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

பேக்ஸ்பேஸில் விரல் வைத்தேன்.
அழிக்கும் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான்
அழிக்கும் இந்தக் குரல்.
புள்ளி, என்றது.
ர், என்றது.
நிறுத்தினேன்.
அரசாங்கப் பதிவேடு;
அழித்தால் கேள்வி வரும்.
ர் ஐயும் புள்ளியையும் திரும்பப் போட்டுவிட்டு
குறிப்பு என்ற கட்டத்துக்குத் தாவினேன்.
இருபது வருடமாய் வெறுமையாய்க் கிடந்த கட்டம் அது.

அடித்தேன்:
இப்பட்டியலைத் திருத்திப் பதிந்தவர் மேற்படியார்.

ஒருமுறை வாசிக்கவிட்டுக் கேட்டேன்.
வேகத்தைக் குறைத்து
இன்னொருமுறை.