உண்மைப் பிரதி

மேல் நீதிமன்றப் பிரதிப் பகுதியில்
என் வேலை ஒரே ஒரு வரி:
'மூலத்துடன் ஒப்பிட்டேன், சரி.'
கீழே கையெழுத்து, திகதி, வட்ட முத்திரை.
அந்தச் சரி தீர்ப்பைப் பற்றியதல்ல,
எழுத்தைப் பற்றியது.
பதினொரு வருடமாய் இதைத்தான்
யன்னலுக்கு அப்பால் நிற்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.
யாரும் நம்புவதாயில்லை.

இந்தக் கிழமை பண்ணைக் கடலில் காற்று விழுந்துவிட்டது.
மின்விசிறி வழக்கேடுகளின் ஓரத்தை
கொஞ்சம் தூக்கிப் பார்க்கும்,
பிறகு விட்டுவிடும்.

திங்கட்கிழமை குடியியல் மேன்முறையீடு.
அராலியில் ஒரு கிணறு,
எட்டில் ஒரு பங்குத் தண்ணீர்,
இருபத்திரண்டு வருடம்.
'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்' என்று
உறுதியில் எழுதிவிட்டு
நொத்தாரிசு எப்போதோ செத்துப்போனார்.
வழி யாருக்கு, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று
மூன்று நீதிபதிகள் மாறிமாறி யோசித்தார்கள்.
குகதாசன் வென்றார்.
பிரதிக்குக் காசைக் கட்டிவிட்டு,
"தண்ணி உவராப்போய் ஆறு வருசம்.
மாடும் வாய் வைக்காது" என்றார்.
பிறகேன், என்று கேட்டுவிட்டேன்.
"பங்கு பங்குதானே, தங்கச்சி."

பாசையூர் யூட் நிரோசனுக்கு விடுதலை.
பொலிசில் நிறுத்தபோது இரண்டு கிராம் முந்நூற்று நாற்பது.
கொழும்பில் பகுப்பாய்வாளர் நிறுத்தபோது
இரண்டு கிராம் நூற்றுத் தொண்ணூறு.
இடையில் காணாமற்போன நூற்றைம்பது மில்லிகிராம்
அவனை வெளியே கொண்டுவந்தது.
விளக்கமறியலில் நாலு வருடமும் இரண்டு மாதமும்.
பிரதியை நின்றபடியே வாசித்தான்.
"அக்கா, இந்த நூற்றைம்பது எவ்வளவு இருக்கும்?"
விரல் நுனியில் ஒட்டுகிற உப்பளவு, என்றேன்.
தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அவன் செய்தானா இல்லையா என்று
தீர்ப்பில் எங்கும் இல்லை.
நானும் கேட்கவில்லை.

வெள்ளி, மத்தியானம்.
இந்துமதி வந்தா.
ஆட்கொணர்வு மனு, ஐம்பத்தெட்டுப் பக்கம்.
ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டு
மனதுக்குள் பெருக்கிப் பார்த்தா.
"அவற்றை பேர் வாற பக்கம் மட்டும் காணும்."

அப்படிக் கொடுக்க விதியில்லை.
ஆனாலும் தேடினேன்.
முதற் பக்கத்தில் பேர் இருந்தது. ஏழாவதிலும்.
அதற்குப் பிறகு எல்லாம் 'மேற்படி நபர்'.
மேற்படி நபர் வட்டுவாகலில் கையளிக்கப்பட்டார்.
மேற்படி நபர் பேருந்தில் ஏற்றப்பட்டதை
மனுதாரர் கண்டார்.
மேற்படி நபரை எதிர்மனுதாரர்
இம்மன்றின் முன் கொண்டுவந்து நிறுத்துக.
"மேற்படி எண்டா?"
அவர்தான்.
"அப்ப எல்லாப் பக்கமும் தாங்கோ."
கைப்பைக்குள் இருந்து இன்னொரு சின்னப் பை எடுத்தா.

கடைசிப் பக்கத்தில்
மறுபடியும் முழுப் பேர் வந்தது.
முத்திரையை மையில் அழுத்தி எடுத்துவிட்டேன்.
"பொறுங்கோ" என்றா.
சத்தியரூபன்.
"அவர் வல்லின றூ.
அடையாள அட்டை, கலியாண எழுத்து, எல்லாத்திலயும் றூ.
இந்த எழுத்தோட போனா
அப்பிடி ஒரு ஆளை எங்களுக்குத் தெரியாது எண்டுவினம்."

மூலத்தை எடுத்துப் பார்த்தேன்.
மூலத்திலும் இடையின ரூ.
என் பிரதியில் பிழை இல்லை.
பிழையை ஒரு கொம்பும் குறையாமல்
அப்படியே கொண்டுவந்திருக்கிறது.
இதற்குக் கீழே நான் 'சரி' என்று எழுதவேண்டும்.

நகர்த்தல் பத்திரம் போட்டால் திருத்தலாம்.
ஐயா லீவு, பத்தொன்பதாம் திகதிதான் வருவார்.
சட்டத்தரணியிடம் போகச் சொல்லியிருக்கலாம்.
ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன்.
அவ சொல்லச் சொல்ல எழுதினேன்,
றூ வந்த இடத்தில்
பேனை எடுத்தெழுதுவதை
கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தா.

ஐம்பத்தேழு பக்கத்துக்கும் முத்திரை விழுந்தாயிற்று.
மற்றதைத் தனியே வைத்தேன்.
"அதுக்கும் இப்பவே காசு கட்டிவிடுறன்" என்றா.