இலக்கு எண் 17

முப்பது மீட்டருக்கு ஒரு கோடு.
தாழங்குப்பத்துக்குக் கிழக்கே
போய்த் திரும்பி, போய்த் திரும்பி
ஆறு நாளாகக் கடலை உழுகிறோம்.

கயிற்றில் இழுபடும் மஞ்சள் கருவிக்கு
எங்கள் பாஷையில் மீன் என்று பேர்.
"வலைல வுழாத மீனு, வாடகைக்கு வர்ற மீனு"
என்றார் சுக்கான் பிடித்திருந்த தேசப்பன்.

மண்ணள்ளும் கப்பல் வருமுன்
அடியில் என்ன கிடக்கிறதென்று எழுதித் தரவேண்டும்.
கல் நங்கூரம், பீங்கான், மரக்கலத்தின் விலா:
நூறு வயதானால் வரலாறு.
ஆகாவிட்டால் நவீனக் குப்பை.
படிவத்தில் கட்டம் அப்படித்தான்.

திரை செம்புநிறத்தில் ஓடும்.
பொருளைவிட நிழல்தான் துலக்கம்.
நிழலை அளந்து உயரம் சொல்வோம்.
டயர். அறுந்த வலை. டயர்.
அனல்மின் சாம்பல் படிந்து
ஒன்றுமே எழுதாத ஒரு முழுப் பிற்பகல்.

பதினேழாவது, ஒன்பது மீட்டர் நீளம்.
காந்தமானி ஒருமுறை விக்கியது.
டச்சுக்காரனா, அதற்கும் முன்னா என்று
கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன்.
தேசப்பன் திரையைப் பார்க்கவில்லை.
கரைப்பக்கம் திரும்பி
இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே
விரலால் எதையோ அளந்து
நான் சொல்லாமலே எஞ்சினைக் குறைத்தார்.

லெனின் பர்னாந்து இறங்கினார்.
தூத்துக்குடியில் சங்கெடுத்த கை.
இங்கே அந்தக் கையே அவருக்குத் தெரியாத தண்ணீர்.
தடவித் தடவி இருபது நிமிடம்.
மேலே வந்து குழாயைத் துப்பினார்.
"ஃபைபர் போட்டு. எஞ்சின் அப்படியே இருக்கு.
மூக்குல ஒரு தகரம், புடைச்ச எழுத்து.
ஒரு கு, ஒரு ண. மிச்சம் சிப்பி."

"வதி" என்றார் தேசப்பன்.
பிறகு, பீடிக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டே,
"தம்பி பொண்டாட்டி பேரு. புயல் வருசம் போனது."

யாரும் பேசவில்லை.
லெனின் துடுப்புக்காலைக் கழற்றவும் மறந்து நின்றார்.

"இன்னா மேடம் எழுதுவ?"
கட்டத்தைக் காட்டினேன்.
தலையாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார்.
"நூறாவ இன்னும் தொண்ணூறு சொச்சம்.
அத்தினி நாளு நோண்டாம வுடுவானா?"

வயது என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
'மறு ஆய்வு தேவை' என்பதில் டிக் அடித்தேன்.
அதற்கு இரண்டு வாரம் கிடைக்கும்,
அவ்வளவுதான். அவரிடம் சொன்னேன்.
"செரி" என்றார். அது எதற்கான செரி என்று
இன்றுவரை தெரியாது.

அடுத்த கோட்டுக்குப் படகு திரும்பியது.
வரைபடத்தைப் பாருங்கள்,
எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கும்.
அந்த இடத்தில் ஒன்று மட்டும்
சற்றே விலகி வளைந்து போகும்.
அலுவலகத்தில் கேட்டார்கள்.
நீரோட்டம் என்றேன்.