நீல வாளி

முங்கி எழுந்தது ஒரே ஒரு தடவை.
மட்டக்குளியில், சபை மண்டபத்தின் பின்னால்,
சீமெந்துத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர்.
வெள்ளை அங்கி காற்றூதி மேலே மிதக்க
போதகர் அதை ஒரு கையால் அமத்தினார்.
எழுந்தபோது காதுக்குள் தண்ணீர்;
சபையார் பாடியது
எங்கோ வேறு தெருவின் பெருநாள்போலக் கேட்டது.
முப்பத்தொரு வயது எனக்கு.
முடிவெடுத்தாயிற்று என்று நினைத்தேன்.

மிச்சமெல்லாம் சொட்டுச் சொட்டாய் வந்தது.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி, மூன்றாம் தளம்.
என் குசினிக்கு மேலே கனகநாயகத்தின் குளியலறை.
காலை நாலரைக்குக் குளிப்பார்,
துறைமுகத்தில் கணக்கெழுதிய காலத்துப் பழக்கம்.
நாலே முக்காலுக்கு
என் சீலிங்கில் ஒரு சொட்டுத் திரளும்,
யோசிக்கும்,
விழும்.

கீழே நீல வாளி.

முதல் மாதம் படியேறிப் போய்ச் சொன்னேன்.
“பைப் என்ர பக்கம் சரி. உங்கட சிலாப்பிலதான் வெடிப்பு”
என்றார், கதவுச் சங்கிலியைக் கழற்றாமல்.
நான் திரும்பி நாலு படி இறங்கிய பிறகு,
“உங்கட யேசு வந்து திருத்தமாட்டாரோ?”

அன்றிரவு முழங்காலில் நின்று மன்னித்தேன்.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.
விடிய எழும்பினால் வாளி நிறைந்திருந்தது.

இதை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை:
மன்னிப்பு இரவில் திரைந்துபோகும், பால்போல.
நேற்றையதை வைத்து
இன்றைய தேத்தண்ணி போடமுடியாது.

வாளியைத் தூக்கிப் போய் ஊற்றும்வரை
பதினொரு அடி. எண்ணியிருக்கிறேன்.
சில நாள் பதினொன்றும் ஜெபம்.
சில நாள் பதினொன்றும் ஏச்சு,
ஆண்டவருக்கும் கேட்கட்டும் என்றே வாய்விட்டு.
ஒரு கிழமை முழுக்க வேதத்தைத் திறக்கவில்லை.

ஆமர் வீதி பாமசியில்
குளிசை எண்ணுகிற வேலை எனக்கு.
ஒருநாள் அவருடைய மருந்துத் துண்டு வந்தது.
வயது எழுபத்திரண்டு, முப்பது நாளுக்குப் பிரஷர் குளிசை.
பதினான்குக்குத்தான் காசிருந்தது.
பதினான்கை எண்ணிக் கொடுத்தேன்.
மிச்சப் பதினாறை நினைக்கவில்லை என்றால் பொய்.
நினைத்தேன்.
கொடுக்கவில்லை.

ஆனியில் ஒரு புதன்
வாளி காய்ந்து கிடந்தது.
வியாழனும்.
ஸ்தோத்திரம் என்றேன், சத்தமாகவே.
வெள்ளி, நாலே முக்காலுக்கு,
அண்ணாந்தபடி நின்றேன்.
ஈரவட்டம் ஓரத்தில் வெளிறிக்கொண்டிருந்தது.
அப்போதுதான் உறைத்தது:
இந்தக் கட்டடத்தில்
அவர் உயிரோடிருப்பதைக் காலைதோறும் அறிகிற
ஒரே ஆள் நான்.

போக விருப்பமில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.
அன்பு ஒன்றும் பொங்கவில்லை.
செருப்பு மாட்டிய கால் போனது,
மனம் ஒரு மாடி பிந்தி வந்தது.

டெங்கு. மகன் ரொறன்ரோவில்.
போன் சார்ஜ் இறங்கிக் கட்டிலின் அடியில்.
சங்கிலியைக் கழற்றவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.
ஆட்டோவில், ஜம்பட்டா வீதி நெரிசலில்,
என் தோளில் அவர் தலை கொதித்தது.
“கீழ்வீடுதானே?”
“ஓம்.”
“அந்தப் பைப்...” என்று தொடங்கி
என் சேலையில் வாந்தியெடுத்தார்.

ஒன்பது நாள் வார்ட்டுக்குக் கஞ்சி.
மூன்றாம் நாள் உப்புப் போதாது என்றார்.
ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
மாட்டேன் என்றேன்.
எதைச் சொல்வது? இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இன்று நாலரை.
மேலே குழாய் முனகுகிறது.
இருமல். பிறகு தண்ணீர்.
பழைய இடத்தில்
திரள்கிறது,
யோசிக்கிறது.

திருத்தவில்லை அந்த மனுசன், இன்னும்.

எழும்பிப் போய்
நீல வாளியைக் காலால் தள்ளி
நேர் கீழே வைக்கிறேன்.