மூக்கும் முழியுமாய்

மூக்கும் முழியுமாய்ப் பிறந்தவள்தான்.
செல்மெக் என்று பெயர் வைத்தோம்.
எங்கள் மொழியில் அதற்கு
மேகமில்லாத வானம் என்று அர்த்தம்.
உலான்பாத்தரில் ஜனவரி மாதத்தில்
அப்படி ஒன்று கிடையாது.

மூன்று குளிர்காலமாய் வாயால்தான் மூச்சு.
தலையணையில் காய்ந்த மஞ்சள் வட்டம்.
வகுப்பில் ஆசிரியை "வாயை மூடு" என்பாராம்.
மூடினால் எப்படி மூச்சு விடுவது என்று
கேட்கத் தெரியவில்லை இவளுக்கு.
காலியான ஆன்டிபயாட்டிக் புட்டிகளில்
உரான்சிமெக் பொத்தான்கள் போட்டு வைக்கிறாள்.
ஏழாவது புட்டிக்குப் பொத்தான் இல்லை.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்
டாக்டர் ஒயூன்கெரெல்.
"கன்னத்துக்குள் இரண்டு அறைகள்.
காற்று இருந்தால் கறுப்பாய்த் தெரியும்.
பாருங்கள், வெள்ளை."
கறுப்பு நல்லது என்று ஒருவர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.
கரிக்கட்டி மூட்டைகளை நிறுத்துப் போடுவது என் வேலை.
ஊர் முழுக்க அடுப்பெரிய
என் கை வழியாகத்தான் போகிறது.

"முதலில் அடினாய்டு.
மூக்குக்குப் பின்னே, தொண்டையின் கூரையில்
ஒட்டியிருக்கும் சதை. கிருமிக்கு அதுதான் கூடு.
வாய் வழியே எடுத்துவிடலாம், வெளியே தழும்பே இராது.
அப்போதே அறைகளையும் கழுவிவிடுவேன்.
நிறையப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்."
போதாவிட்டால்?
"சுருங்கிய வாசலில் ஒரு பலூன் நுழைத்து
மெல்ல ஊதி விரிப்போம்."
அதற்கும் அடங்காவிட்டால்?
அவர் பேனாவை மூடினார்.
"எண்டோஸ்கோப் வைத்து வாசலையே வெட்டிப் பெரிதாக்குவது.
பக்கத்தில் கண். மேலே மூளை.
ஆறு வயது, முகம் இன்னும் வளர்கிறது.
அது கடைசி."

எல்லாவற்றையும் ஒரேயடியாய்ச் செய்யுங்கள் என்றேன்.
மாமனாரிடம் குதிரைகள் இருக்கின்றன, விற்கலாம்.
டாக்டர் ஃபாரத்தில் என் தொழிலைப் பார்த்தார்.
"மூட்டை இருபத்தைந்து கிலோ வரும்போது
மண்வாரியாலா கொட்டுவீர்கள்?"
இல்லை.
இருபத்து நாலைத் தாண்டினால்
ஒவ்வொரு கட்டியாய்க் கையால் வைப்பேன்.

டிசம்பர். முகமூடியில் ஸ்ட்ராபெரி தடவியிருந்தார்கள்.
"வாசம் வருதா, கண்ணு?" என்றாள் நர்ஸ் பைகல்மா.
செல்மெக் தலையாட்டினாள்.
மரியாதைக்குத்தான். எனக்குத் தெரியும்,
ஒரு வருஷமாய் இவளுக்கு எதிலும் வாசம் கிடையாது.
அரை மணி நேரம்.
ஆஸ்பத்திரி நடையில் சுவரோரம் நின்று
எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

பத்தாம் இரவு திடுக்கென்று விழித்தேன்.
சத்தமே இல்லை.
அந்த இழுப்பு, அந்தக் குறட்டை,
மூன்று வருஷமாய் எங்கள் கூடாரத்தின் கடிகாரம்,
நின்றுபோயிருந்தது.
இருட்டில் தவழ்ந்துபோய்
இவள் மூக்கில் விரல் வைத்தேன்.
மெல்லிசாய், சுடச்சுட ஒரு காற்று
விரலை இடித்துவிட்டுப் போனது.
உரான்சிமெக்கை எழுப்பினேன்.
அவளும் விரல் வைத்தாள்.

முழுக்கச் சரியாகிவிடவில்லை.
பிப்ரவரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் சீழ் என்றார்.
"இலையுதிர் காலம்வரை உப்புநீர் விட்டுக் கழுவுங்கள்,
பிறகு யோசிப்போம்."
பலூனுக்கான தாளை மடித்து
ஏழாவது புட்டிக்குள் போட்டிருக்கிறோம்.

நேற்று வேலை முடிந்து வந்து கம்பளிக் கதவைத் தூக்கினேன்.
செல்மெக் ஓடி வந்தாள், பாதியில் நின்றாள்.
மூக்கைச் சுளித்தாள்.
"அப்பா, உன்மேல் என்ன நாற்றம்?"

மைனஸ் இருபத்தெட்டு.
வெளியே நின்று கோட்டைக் கழற்றி உதறுகிறேன்,
பனியில் கறுப்பாய் விழுகிறது.
எவ்வளவு உதறியும் போகவில்லை.
கதவிடுக்கில் இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
வாயை மூடிக்கொண்டு.