ஆயிரம் முழம்

கடைமடை ரெகுலேட்டரில் எனக்கு லஸ்கர் வேலை.
ஐந்து ஷட்டர், ஒரு சாவி, கரையில் பதித்த அளவுக்கல்.
காலை ஆறுக்கு எத்தனை அடி, மாலை ஆறுக்கு எத்தனை அடி,
நோட்டில் எழுதி ஏ.இ. ஆபீசுக்குப் போன் போடவேண்டும்.

அதனாலோ என்னவோ, அந்தப் பகுதியை யார் வாசித்தாலும்
என் கண்ணில் படுகிறவன்
அளவுநூல் பிடித்து நடக்கிற ஆள்தான்.
ஆலயத்து வாசற்படிக்குக் கீழே கசிகிற தண்ணீர்;
ஆயிரம் முழம் அளந்தால் கணுக்கால்,
இன்னும் ஆயிரத்தில் முழங்கால்,
பிறகு இடுப்பு,
பிறகு கால் நிலைக்காத ஆழம்.
கீழே வரவர ஏறுகிற ஆறு!
எங்கள் ஆறு அப்படியில்லை.
கல்லணையில் ஆள் முங்கும்,
என்னிடம் வரும்போது கொலுசு நனையும்.

நாலு இடத்தில் கேட்டிருக்கிறேன் இதை.
பொறையாரில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த
லுத்தரன் கோயிலில் ஞானாபரணம் ஐயர்,
கண்ணாடியைத் துடைத்தபடி:
"எல்லாம் நிறைவேறியாயிற்று. ஆலயம் அவர் உடல்,
ஈட்டி குத்திய விலாதான் வாசற்படி.
இனிமேல் கட்டடம் தேடாதே."

கல்யாணத்துக்காக நான் மாறின பங்கில்
தீர்க்கதரிசி இறைவாக்கினர் ஆனார்.
சாமியார் விளக்கம் சொல்லவில்லை.
பாஸ்கா இரவில் வேப்பங்குழையை முக்கி
எங்கள் மேல் தெளித்துக்கொண்டே போனார்.
சட்டைக் கழுத்துக்குள் இறங்கிய சொட்டு
விளக்கம் மாதிரிதான் இருந்தது.

எலியேசர் அண்ணன், உரக்கடை, அசெம்பிளி மூப்பர்,
துணியில் வரைந்த படத்தைச் சுவரில் விரிப்பார்.
ஏழு வட்டம், சிவப்பு அம்பு, ஆயிர வருடம்.
"ஆறுன்னா ஆறு. ஆலயம்னா ஆலயம்.
எருசலேம்ல கட்டுவாங்க, அங்கேருந்து ஓடும்.
எழுதினதை எழுதினபடி எடு தம்பி."
அவர் போடுகிற உர பில்லும் அப்படித்தான்,
ஒரு பைசா உருவகம் இருக்காது.

காய்ச்சலில் நெளிந்த மூத்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய
தகரக் கொட்டகையில் பாஸ்டர் ஏனோக்கு
மைக்கை விட்டு இறங்கிக் கத்தினார்:
கணுக்கால் மனந்திரும்புதல், முழங்கால் ஜெபம்,
இடுப்பு ஊழியம்,
"நீச்சல்! நீச்சல் இந்த ராத்திரிக்கே!"
சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் கைவீசி நீந்தின.
மூத்தவளுக்கு வியர்த்தது. அதை மறைக்கமாட்டேன்.

நாலு பேரையும் நம்பினேன்,
அங்கங்கே உட்கார்ந்திருந்த வரைக்கும்.

ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது.
உபரி வருகிறது, எல்லா ஷட்டரையும் ஏற்று என்று உத்தரவு.
பதினொரு மணிக்கு அளவுக்கல்லின் மேல்கோடு காணவில்லை.
டார்ச் இல்லாமல் கரையோடு வந்தாள் சலேத்மேரி,
உப்பளத்துக்காரி, பாதமெல்லாம் வெடிப்பு.
"அஞ்சாவதைத் தொடாதே. பாத்தியிலே எடுக்காத உப்பு கெடக்கு."

உத்தரவு என்றேன்.

"அந்த ஆறு போற இடமெல்லாம் பிழைக்கும்னு படிக்கிறீங்க.
கொஞ்சம் கீழே போய்ப் படிச்சீங்களா?
சேறும் சதுப்பும் மட்டும் மாறாது,
உப்புக்குன்னு விட்டுருவாராம்."

ஐயரும் சாமியாரும் அண்ணனும் பாஸ்டரும்
அதற்கு முன்பே புத்தகத்தை மூடியிருந்தார்கள்.
ஞாபகம் வந்தது எனக்கு, சாபம் என்றுதான்
தாண்டிப் போயிருந்தேன்.
"சாபமா?" என்றாள்.
"எனக்கு அது பட்டா."

நாலை ஏற்றினேன்.
ஐந்தாவதின் சாவி கையில் வியர்த்துக்கொண்டே இருந்தது.

விடிந்தபோது மேற்கே
மூன்று மா நாற்றங்கால் தண்ணீருக்குள்.
எலியேசர் அண்ணனுடையது.
வேட்டியை மடித்துக் கட்டி நடுவில் நின்றார்,
முழங்கால் ஆழம்.
ஜெபமா என்று தெரியவில்லை.

"எத்தனை ஏத்தினே?" என்று கரையைப் பார்த்துக் கேட்டார்,
எழுதினதை எழுதினபடி எடுக்கிறவர்.

நாலு, என்றேன்.